விசா வேண்டாம், ஆனால் கேள்வி உண்டு!

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போய் 30 நாள் வரை தங்கலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் ஆனதிலிருந்து, இங்கே அகமதாபாத் மணிநகரில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரு பத்துமலை போட்டோ காட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஆனால் ஒன்று. ப்ரீ-அப்ரூவ்டு லோன் என்று எஸ்எம்எஸ் வந்தாலும், கிளைக்கு வந்தால் நாங்கள் பேப்பர் கேட்போம் இல்லையா? இதுவும் அப்படித்தான். தூதரகத்தில் கேட்க வேண்டியதை விமான நிலையக் கவுண்டரில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். திருப்தி இல்லையென்றால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன், தங்கும் முகவரியும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இல்லாமல் போய், ஊரைப் பார்க்காமலே திரும்பி வந்தான்.

2025 ஜூனில் நாங்கள் போனது சுற்றிப் பார்க்க அல்ல. அம்மாவின் தங்கை கிள்ளானில் இருக்கிறார். டயாலிசிஸ் நடக்கிறது. அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து 19 வருடம். கவுண்டரோடு திரும்பினால் இன்னொரு முறை பார்ப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ஆடிட் வருவது போல எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். உங்களுக்கும் உதவும்:

1. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து வேறு மாதிரி இருக்கும். ஜாக்கிரதை.

2. டிஜிட்டல் வருகை அட்டை. போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள், குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம், கார்டு நம்பர் கொடுக்காதீர்கள்.

3. ரிட்டர்ன் டிக்கெட், ஓட்டல் புக்கிங். உறவினர் வீடென்றால் அவர் முகவரி, போன் நம்பர், கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை நகல். எல்லாம் பேப்பரில்! போன் சார்ஜ் அந்த நேரம் பார்த்துத்தான் தீரும்.

4. பணம். கொஞ்சம் ரிங்கிட் கையில், மீதி கார்டில். 2020ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே ஆன் செய்ய வேண்டும். வங்கியில் பதிந்த சிம்முக்கு ரோமிங்கும் போடுங்கள், இல்லாவிட்டால் ஓடிபி வராது. கோலாலம்பூரில் நின்றுகொண்டு என் கிளைக்குப் போன் போட்ட வாடிக்கையாளர்கள் உண்டு.

5. மாத்திரைகளுடன் டாக்டர் சீட்டு. அடுத்தவர் கொடுக்கும் பார்சல் வேண்டவே வேண்டாம், சொந்தக்காரர் கேட்டாலும் சரி.

பேப்பரை விடக் கஷ்டமானது அம்மாவைத் தயார் செய்ததுதான்.

"எத்தனை நாள் இருப்பீங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?"

"தங்கச்சி போகச் சொல்ற வரைக்கும் இருப்பேன்னு சொல்லுவேன்."

போச்சுடா! அவர் சொன்னது நிஜம். ஆனால் கவுண்டரில் அந்த நிஜத்துக்கு அர்த்தம் வேறு. "11 நாள், தங்கச்சி வீடு, கிள்ளான்" என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தோம். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இத்தனை கேள்வி கேக்கலப்பா" என்று அலுத்துக்கொண்டார் :-)

கவுண்டரில் நான்கு பேரும் சேர்ந்து நின்றோம். அதிகாரி ரிட்டர்ன் டிக்கெட்டும் சித்தியின் கடிதமும் பார்த்தார். கைரேகை, முத்திரை, முடிந்தது. அம்மாவை ஒன்றுமே கேட்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், வெளியே வரும் வழியில் "11 நாள், தங்கச்சி வீடு, கிள்ளான்" என்று எங்களிடமே ஒப்பித்துவிட்டார்.

சித்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அழுததை எழுதப்போவதில்லை. அந்த 11 நாளும் அம்மாதான் சித்திக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் அக்கரையில் யாராவது காத்திருந்தால், பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.