கடைசி ரூபாயின் பயன்

மனநிறைவை அளக்க முடியுமா? வெப்பத்திற்கு வெப்பமானியும் மின்னோட்டத்திற்கு அம்மீட்டரும் கொண்டு பழகிய இயற்பியல் மாணவனுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. விடுதியில் என் அறை நண்பன் பொருளியல் பயில்கிறான். அவனுடைய பாடநூலில் பயன்பாட்டிற்கும் ஓர் அலகு உண்டு; 'யூட்டில்' என்பது அதன் பெயர். முதல் ஆரஞ்சுக்கு 20 யூட்டில், இரண்டாவதற்கு 15, மூன்றாவதற்கு 10 என்று அட்டவணையே போட்டிருந்தார்கள். எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று கேட்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வராது என்று சொல்லிவிட்டான்.

உண்ண உண்ண ஆசை குறையும் என்னும் இவ்விதியை 1854-இல் நூலாக எழுதியவர் காசென் என்னும் ஜெர்மானியர். நூலை வாங்குவார் இல்லாமல், விற்காத பிரதிகளை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டாராம்! பின்னர் 1871-இல் ஜெவான்சும் 1890-இல் மார்ஷலும் எழுதிய நூல்களால் அது நிலைபெற்றது. அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும் ஒன்றுக்கும் உதவாத வைரம் விலை மிகுந்தும் இருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கு, மொத்தப் பயனைப் பாராதே, கடைசி அலகின் பயனைப் பார் என்று விடை சொன்னது இக்கொள்கைதான்.

இதிலிருந்து பிறந்ததே சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒவ்வொரு பொருளிலும் செலவிடும் கடைசி ரூபாய் சமமான பயனைத் தருமாறு பணத்தைப் பங்கிட்டால் மனநிறைவு உச்சத்தை எட்டும் என்கிறது அது. எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் கூலியைப் பங்கிடுபவர் என் தாயார். தக்காளி விலை ஏறினால் அரைக் கிலோவைக் கால் கிலோ ஆக்கிவிடுவார். மார்ஷலைப் படிக்காமலேயே மார்ஷலின் வழியில் நடப்பவர்!

ஆனால் சந்தைக்கு வெளியே விதி தடுமாறுகிறது. தக்காளியைக் குறைப்பது போல என் தேர்வுக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா? முக்கால் பங்கு கட்டினால் முக்கால் தேர்வு எழுத விடுவார்களா? மொய்ப் பணமும் அப்படித்தான். நம் வீட்டுக் காதுகுத்தில் ஐந்நூறு எழுதியவர் வீட்டு விசேஷத்திற்கு, கடன் வாங்கியாவது அதற்குக் குறையாமல் எழுதியாக வேண்டும். அதில் எத்தனை யூட்டில் கிடைக்கிறது?

இவற்றைவிடப் பெரிய இடறல் முட்டையில் இருக்கிறது. அம்மா வாரம் மூன்று முட்டை வாங்குவார். அப்பாவுக்கும் தங்கைக்கும் எனக்கும். தமக்கு வாடை பிடிக்காது என்பார். சென்ற ஆண்டு பெரியம்மா வீட்டில் அவர் முட்டைக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டதை நான் பார்த்தேன்.

அளவையைப் பற்றிய என் ஐயத்தை அறிஞர்கள் முன்னமே தீர்த்துவிட்டார்கள். அளக்க வேண்டாம், எது மேல் எது கீழ் என்று வரிசைப்படுத்தினால் போதும் என்றனர் 1934-இல் ஹிக்சும் ஆலனும். ஒருவர் வாங்குவதைக் கொண்டே அவர் விருப்பத்தை அறியலாம் என்றார் 1938-இல் சாமுவேல்சன். அவ்வாறு பார்த்தால், தமக்கென முட்டை வாங்காத என் தாயாருக்கு முட்டையில் விருப்பமில்லை என்றுதானே கணக்கு எழுதப்படும்?

"உன் வயிறு நிறைவதுதான் உன் அம்மாவுக்குப் பயன்பாடு" என்றான் நண்பன். அப்படியானால் அவர் முட்டை உண்டாலும் பயன்பாடு, உண்ணாவிட்டாலும் பயன்பாடு. எது நடந்தாலும் சரியாகிவிடும் விதியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்க மாட்டார்கள்.

1977-இல் அமர்த்தியா சென் ஒரு கட்டுரையில் இதனை இரண்டாகப் பிரித்தார். பிறர் மகிழ்வில் தானும் மகிழ்வது ஒன்று. தன் மகிழ்வு குறையும் என்று தெரிந்தும் கடமை எனச் செய்வது மற்றொன்று. மொய் இரண்டாவதில் அடங்கும். முட்டையை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெளிவாகவில்லை. அம்மாவைக் கேட்டால் மறுபடியும் வாடை என்றுதான் சொல்வார்.