வகுப்பறைக்கு வெளியே ஒரு தில்லி

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் 2019-20 கல்வியாண்டு: படித்தவை, பார்த்தவை, பாதியில் நின்றவை

தில்லியில் மலிவாகப் புத்தகம் வாங்க நினைப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தரியாகஞ்ச். நேதாஜி சுபாஷ் மார்க்கில் கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்கும் அந்த ஒரு நாளில், மூடிய ஷட்டர்களுக்கு முன்னால் நடைபாதை முழுக்கப் புத்தகங்கள் விரிந்துவிடும். கோல்ச்சா தியேட்டர் அருகே தொடங்கும் வரிசை தில்லி கேட்டில் திரும்பி, ஆசஃப் அலி சாலையில் டிலைட் தியேட்டர் பக்கம் வரை போகும். 1960களிலிருந்து 2019 வரை அப்படித்தான் இருந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வு கைடுகள், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வீட்டிலிருந்து எடைக்குப் போட்ட நூலகம், முதல் பக்கத்தில் கையெழுத்திட்டு யாரோ யாருக்கோ பரிசளித்த கவிதைத் தொகுதி, வெளிநாட்டுப் பள்ளியின் முத்திரையோடு எப்படியோ கப்பலேறி வந்த கலைக்களஞ்சியம் எல்லாம் ஒரே பாலிதீன் விரிப்பில். கதைப் புத்தகக் குவியலில் எதை எடுத்தாலும் அப்போது இருபது ரூபாய், முப்பது ரூபாய். விற்பவர்களில் சிலருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் புத்தகத்தின் அட்டையையும் தடிமனையும், அதை வாங்குபவரின் முகத்தையும் படிக்கத் தெரியும். ஆவலைக் காட்டிவிட்டால் விலை இரட்டிப்பாகும்.

ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு தமிழ் மாணவிக்கு இந்த நடைபாதைதான் முதல் நூலகம். அப்பா மத்திய அரசு ஊழியர். ஐந்தாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒரு ஞாயிறு அப்பாவோடு தரியாகஞ்ச் போவது வழக்கம். ரஸ்கின் பாண்ட், ஜிம் கார்பெட், ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' எல்லாம் அங்கே வாங்கியவை. 2019 ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய வாரத்தில் கிடைத்தது ஒரு பழைய பறவைப் புத்தகம். சாலிம் அலி எழுதியது. அதன் பழைய சொந்தக்காரர், பார்த்த பறவைகளுக்கெல்லாம் பென்சிலால் ஒரு குறி போட்டு, ஓரத்தில் ஊர்ப் பெயரும் எழுதி வைத்திருந்தார். ஓக்லா, சுல்தான்பூர், பரத்பூர். முந்நூறு கேட்டு நூற்றைம்பதுக்குப் படிந்தது.

அந்த ஏப்ரலில் வீட்டில் வேறொரு விவகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சிபிஎஸ்இ பள்ளிகளில் மூன்றாவது மொழி எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஒன்பதிலும் பத்திலும் இரண்டே மொழிகள். ஆங்கிலம் ஒன்று என்றால் இன்னொன்று எது? தில்லிப் பெற்றோர்கள் பலருக்கும் விடை தெரியும்: சம்ஸ்கிருதம். மனப்பாடம் செய்தால் மார்க் வரும். இந்த மாணவியின் அம்மாவும் அதையே விரும்பினார். மகள் தமிழ்தான் வேண்டும் என்று நின்றாள். மொழிப்பற்று என்று இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. தாத்தா வீட்டில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இருந்தது. அதைப் படித்துவிட்டவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. அங்கும் வேறு சில பள்ளிகளிலும் தமிழ் படித்து வளர்ந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில். திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி வைத்தால் பத்து அதிகாரங்களை மூச்சு விடாமல் சொல்வார்கள். அதே குழந்தையின் கையில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையைக் கொடுத்தால் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, நோட்டில் ஆங்கிலம் என்று பிரித்துக்கொண்ட வாழ்க்கையில் தமிழ் எழுத்து தனியே நின்றுவிடுகிறது. இந்த மாணவியும் விலக்கல்ல. ஒரு பக்கம் படிக்கக் கால் மணி நேரம் பிடித்தது.

மே பாதியில் கோடை விடுமுறை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஒரு பகல்; பிறகு கும்பகோணம். தில்லி பாலத்தில் ஜூன் 10 அன்று வெயில் 48 டிகிரியைத் தொட்டது. சென்னை குடிநீருக்குத் தவித்த கோடையும் அதுவே. முதல் பாகம் வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. காட்டுமன்னார்கோயில் வழியே சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனபோது, கதையில் வருகிற ஏரியும் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிற ஏரியும் ஒன்றுதான் என்று தெரிந்தது. அது அவளுக்குப் பெரிய செய்தி. விடுமுறை முடிவதற்குள் முதல் பாகம் முடிந்தது. மற்ற பாகங்களைத் தாத்தா கொடுத்தனுப்பவில்லை. ஆர்.கே. புரத்திலேயே 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே நூலகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஜூலையில் திரும்பி வந்தபோது தரியாகஞ்சில் இடி விழுந்திருந்தது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி, நேதாஜி சுபாஷ் மார்க்கில் நடைபாதை வியாபாரம் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநகராட்சி சந்தையை எடுத்துவிட்டது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வியாபாரிகள் சில வாரங்கள் சும்மா இருந்தார்கள். கிடங்கில் இருந்த புத்தகங்களுக்கு மழையும் கரையானும் காவல். வாரம் ஒரு நாள், அதுவும் கடைகள் மூடியிருக்கும் நாளில், போக்குவரத்துக்கு என்ன இடைஞ்சல் என்று வியாபாரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சாலையில் நடந்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும்: நடைபாதையில் புத்தகம், அதனால் மனிதர்கள் சாலையில், அதனால் பஸ்கள் நகராமல். செப்டம்பரில் டிலைட் தியேட்டருக்கு எதிரே உள்ள மகிளா ஹாட் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். சுற்றுச்சுவர், கேட், வரிசை வரிசையாகக் குறிக்கப்பட்ட இடங்கள். ஒழுங்கு வந்துவிட்டது. வேறு வேலையாகப் போகிறவன் காலில் புத்தகம் தட்டுப்படுவதும், அவன் குனிந்து ஒன்றை எடுப்பதும் போய்விட்டன. மாணவி முதல் முறை அங்கே போனபோது எதுவும் வாங்கவில்லை. இரண்டாம் முறை வாங்கினாள். புத்தகம் புத்தகம்தானே.

பள்ளி அழைத்துப் போகும் உள்ளூர்ச் சுற்றுலாக்களில் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. ரயில் மியூசியத்தில் டிப்பன் பாக்ஸ் திறக்கும். பொம்மை மியூசியத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் குழந்தைகள் இல்லை என்று காட்டிக்கொள்வார்கள். ஜந்தர் மந்தர் கொஞ்சம் வேறு. 1724இல் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் கட்டிய வானியல் கருவிகளைச் சுற்றி இன்று உயர்ந்த கட்டிடங்கள். நிழலை வைத்து நேரம் சொல்லும் கருவியின் மேல் கட்டிடத்தின் நிழல் விழுகிறது.

ஆகஸ்டில் குதுப் மினார். 72 மீட்டருக்கும் அதிக உயரம். ஏற அனுமதி இல்லை. ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஆசிரியர்கள் பாதுகாப்பு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே மின்விளக்கு அணைந்து, குறுகிய படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு, சுமார் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள். இப்போது வரிசையில் நிற்கும் பள்ளிக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லலாம். இந்த மாணவிக்குச் சொன்னது அவள் அப்பா. தில்லிக்கு வந்த புதிதில் கேள்விப்பட்டதாம்.

ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மொஹஞ்சதாரோவின் வெண்கல நடன மங்கையைப் பார்த்து வகுப்பே ஏமாந்தது. பாடப் புத்தகத்தில் பக்கம் முழுக்க நிற்கிறவள், நேரில் ஒரு சாண் கூட இல்லை, பத்தரை சென்டிமீட்டர். ஏமாற்றத்தை ஈடுகட்டியது வெண்கலச் சிலைப் பகுதி. புதுக்கோட்டைப் பக்கம் திருவரங்குளத்திலிருந்து வந்த நடராஜர் அங்கே இருக்கிறார். வழக்கமான தூக்கிய திருவடி இல்லை. இரண்டு முழங்கால்களும் மடங்கிய சதுர தாண்டவம். தமிழ்ப் பெயரை யார் சரியாக உச்சரிப்பது என்று ஆசிரியை தேட, வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பெண்ணுக்கு அன்று மரியாதை கூடியது.

நவம்பர் மாதம் தில்லிப் பிள்ளைகளுக்கு எதிரி. 2019 நவம்பர் 1 அன்று பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டு, 5ஆம் தேதி வரை பள்ளிகள் மூடப்பட்டன. பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரியும் நெல் தாளடி, தீபாவளிப் பட்டாசு, வாகனப் புகை, காற்று அசையாத குளிர் எல்லாம் சேர்ந்த கோளாறு. மீண்டும் 14, 15 தேதிகளில் மூடல். நவம்பர் 14 நேரு பிறந்த நாள். குழந்தைகள் தினத்தன்று குழந்தைகள் வெளியே வரக் கூடாது என்பதுதான் அரசின் பரிசாக இருந்தது. மாணவிக்கு இழுப்பு உண்டு. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்த அந்த வாரத்தில் இரண்டாம் பாகம் முடிந்தது. சங்க நூலகத்துக்கு அப்பா போய் மூன்றாம் பாகத்தை எடுத்து வந்தார்.

டிசம்பர் முதல் பாதியில், மூடுபனி இறங்குவதற்கு முன், பரத்பூர். ராஜஸ்தானுக்கு விடிவதற்கு முன்பே புறப்பட்ட இரண்டு பஸ்கள். கேவலாதேவ் பூங்கா இயற்கையாக அமைந்த காடல்ல. பள்ளமான நிலத்துக்கு அஜான் அணையிலிருந்து தண்ணீர் விட்டு மன்னர்கள் உண்டாக்கிய வாத்து வேட்டைக் களம். கோயிலருகே கல்லில் வேட்டைக் கணக்கு பொறித்திருக்கிறார்கள். எந்தத் தேதி, எந்த விருந்தாளி, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் 4,273. பிள்ளைகள் முதலில் அது பூங்காவிலுள்ள பறவைகளின் எண்ணிக்கை என்றுதான் நினைத்தார்கள்.

பஸ்களை உள்ளே விடமாட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷாதான். ஓட்டுபவர்களே வழிகாட்டிகள், நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இடப்பக்கம் மரத்தில் ஆந்தை என்று சொல்லிவிடுகிற கண்கள். மஞ்சள் மூக்கு நாரைகளின் குஞ்சுகள் தாய் அளவுக்கு வளர்ந்து மரம் கொள்ளாமல் நின்றன. ஜோடி சாரஸ் கொக்குகள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள். இதே இனம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் வரை இறங்குகிறது என்று சொன்னால் தில்லிப் பிள்ளைகள் நம்புவதில்லை. பழைய புத்தகத்தின் பென்சில் குறிகளுக்குப் பக்கத்தில் மாணவி பேனாவால் தன் குறிகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு பறவைக்கு மட்டும் போட வழியில்லை. சைபீரியக் கொக்கு 2002க்குப் பிறகு இங்கே வரவில்லை. வருகிற வழியில் வேட்டை, வழித்தங்கலுக்குத் தண்ணீர் இல்லாமை என்று காரணங்கள் உண்டு.

அதைவிட அவளைக் குடைந்தது எருமைக் கதை. 1982இல் தேசியப் பூங்காவாக்கியபோது மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. எருமைகள் போனதும் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு நீந்த இடமில்லை. எருமைகள் புல்லை மட்டுப்படுத்தி வந்தன என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு கண்டது. பள்ளிக்குத் தர வேண்டிய சுற்றுலா அறிக்கையில் பறவைப் பட்டியல் கேட்டிருந்தார்கள். மாணவி எருமைகளைப் பற்றி எழுதினாள். பத்துக்கு ஆறு. பட்டியல் முழுமையாக இல்லை என்று சிவப்பு மையில் குறிப்பு.

டிசம்பரின் பிற்பாதியில் குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்டங்கள். சில நாட்கள் மெட்ரோ நிலையங்கள் மூடிக் கிடந்தன. 30ஆம் தேதி பகலின் அதிகபட்ச வெப்பமே 9.4 டிகிரி. ஜனவரி 4 முதல் 12 வரை பிரகதி மைதானில் உலகப் புத்தகக் கண்காட்சி. 1972இல் தொடங்கியது இது. 2020இல் மையப் பொருள் காந்தி. பல அரங்குகள் இடிக்கப்பட்டுக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்ததால் கூட்டம் நெருக்கியடித்தது. தமிழ்க் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே ஜனவரியில் சென்னையில் புத்தகக் காட்சி நடக்கும்போது பதிப்பாளர்கள் தில்லிக்கு ஏன் வரப் போகிறார்கள்? தில்லித் தமிழர்கள் வாங்குவதில்லை என்பார்கள் அவர்கள். கிடைப்பதில்லை என்பார்கள் இவர்கள். இரண்டும் உண்மை. மாணவி 'சத்திய சோதனை'யைத் தமிழில் வாங்கினாள். அம்மாவுக்கு அதன் ஆங்கிலப் பிரதி போதாதா என்ற கேள்வி இருந்தது.

பிப்ரவரி கடைசியில் வடகிழக்குத் தில்லியில் கலவரம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலி. அந்தப் பகுதியில் பொதுத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆர்.கே. புரத்தில் பள்ளி நடந்தது, காலை வழிபாட்டில் இரண்டு நிமிட மௌனத்தோடு. மார்ச்சில் ஒன்பதாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வு. அட்டவணையில் தமிழ் கடைசி. அந்த மார்க்குக்காக அம்மாவும் மகளும் ஆளுக்கொரு காரணத்தோடு காத்திருந்தார்கள். மார்ச் 12 அன்று கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடுவதாகத் தில்லி அரசு அறிவித்தது. தமிழ்த் தேர்வு நடக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று சிபிஎஸ்இ, ஒன்பதாம் வகுப்பினரை உள்மதிப்பீட்டின் அடிப்படையில் தேர்ச்சி செய்யலாம் என்றது. யூனிட் டெஸ்ட் மார்க்குகளைக் கூட்டி வகுத்ததில் தமிழுக்கு 81 வந்தது. சம்ஸ்கிருதம் எடுத்த தோழிகளுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

ஊரடங்கின் முதல் பத்து நாட்களில் மூன்றாம் பாகமும் முடிந்துவிட்டது. இப்போது ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். நான்காம் பாகம் இரண்டு தெரு தள்ளி, தமிழ்ச் சங்க நூலகத்தின் அலமாரியில் பூட்டியிருந்தது.