கம்பும் களரியும் போதிதருமரும்

கம்பத்துக்காரர்களிடம் சிலம்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஊர்ப்பெயரிலேயே கம்பு இருக்கிறதே என்னும் வேடிக்கை முதலில் வரும். அடுத்து, தவறாமல், போதிதருமர் வருவார். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் ஒருவர் சீனம் சென்றார். ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு நம் கலையைக் கற்பித்தார். அதுவே குங்ஃபூ ஆயிற்று, கராத்தே ஆயிற்று, உலகத்துச் சண்டைக் கலைகள் யாவும் ஆயிற்று. 2011இல் ‘7ஆம் அறிவு’ திரைப்படம் வெளிவந்த பிறகு இக்கதையை மறுத்துப் பேசுபவர் தமிழ்ப் பகைவராகவே பார்க்கப்படுகிறார். எங்கள் நட்பு வட்டத்தில் நால்வர் சிறுவயதில் சிலம்பம் பழகியவர்கள். ஒருவர் கராத்தேயில் பழுப்புப் பட்டைவரை போனவர். சிலம்பத்தின்மீது பற்றுள்ளவர்கள் என்பதாலேயே இக்கதையைச் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம்.

போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, 547ஆம் ஆண்டை ஒட்டி யாங் சுவான்ஜி என்பவர் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் கிடைக்கிறது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறோ தென்னிந்தியர் என்கிறது. தென்னாட்டு அரசனொருவனின் மூன்றாம் மகன் என்ற மரபும் பழையதே. ஆக, அவர் நம் பக்கத்தவராக இருந்திருக்கலாம். இருந்தால் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் எவருக்கும் சண்டை பயிற்றுவித்ததாகச் செய்தி இல்லை. ஷாவோலின் துறவிகள் போரிட்டது உண்மை. 621இல் தாங் மரபின் லீ ஷிமினுக்குத் துணைநின்றதை 728ஆம் ஆண்டின் கல்வெட்டு அம்மடத்திலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கும் போதிதருமர் போர்க்கலை ஆசானாக வருவதில்லை. தசைநாண்களை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் சொல்லும் ‘யிஜின் ஜிங்’ என்ற நூல்தான் அவர் பெயரை உடற்பயிற்சியோடு பிணைத்தது. அந்நூல் பதினேழாம் நூற்றாண்டினது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி! இக்கதையைச் சீன ஆய்வாளரான தாங் ஹாவ் 1930 வாக்கிலேயே மறுத்துவிட்டார். நாம் இங்கே அதைப் புதிதாய்த் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

இதில் எங்களை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. மிங் மரபுக் காலத்தில் ஷாவோலின் மடம் புகழ்பெற்றிருந்தது வெறுங்கைச் சண்டைக்காக அன்று, கம்புச் சண்டைக்காக. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ என்பவர் அம்மடத்துக் கம்பு முறைகளை நூலாகவே எழுதிவைத்தார். வெறுங்கை முறைகள் அங்கே தலையெடுத்தது அக்காலத்தை ஒட்டித்தான். எனில் கம்பு இங்கிருந்துதான் போயிற்று என்று உடனே கிளம்ப வேண்டா. மூங்கிலும் மரமும் விளையும் நாட்டில், வாள் வாங்க வசதியில்லாதவனும் வாள் ஏந்தக் கூடாதவனும் கம்பைத்தான் எடுப்பான். அதற்கு ஆசான் கடல் கடந்து வர வேண்டியதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் கம்பு என்ன வேலை செய்தது என்பதே எமக்கு முக்கியமான கேள்வி. இருபோகம் நெல் விளையும் வயல்வெளி. களத்துமேட்டில் குவிந்த தானியம். அதற்கு இரவுக் காவல். மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு நடந்தே போய்வந்த கூலியாட்கள். வழியில் பாம்பு, பன்றி, சமயத்தில் மனிதர். நெற்றிப் பொட்டளவு உயரமுள்ள நல்ல மூங்கில் கம்பு ஒன்று கையிலிருந்தால், அதுவே ஊன்றுகோல், அதுவே காவடித்தண்டு, அதுவே ஆயுதம். திறந்தவெளியில், ஒருவனைப் பலர் சூழ்ந்துகொண்டால், எவரையும் நெருங்கவிடாமல் வெளியேறுவது. சிலம்பத்தின் காலடி வரிசைகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தை நினைவில் கொண்டவை. எந்நேரமும் நாற்புறமும் திரும்பும் அந்த நடையைப் பார்த்தாலே இது விளங்கும். பின்னர் வெள்ளையர் அரசு காவல் முறையை ஒடுக்கியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 முதல் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிரமலைக் கள்ளர்மீது அது பாய்ந்ததும், 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் இப்பக்கத்தில் இன்றும் பேசப்படுபவை. காவல் போயிற்று. கம்பு முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் சுழல்வதற்கு வந்து சேர்ந்தது.

கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அங்கே மாலைதோறும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் களரி காட்டுகிறார்கள். நெருப்பு வளையத்தைத் தாண்டுவதும் உருமி வீசுவதும் பார்க்கத் தக்கவைதாம், கைதட்டினோம். ஆயினும் அந்த உடல்களின் தாழ்ந்த நிலையும் எழும் தாவலும் சிலம்பத்துக்கு முற்றிலும் வேறான ஓரிடத்திலிருந்து வருகின்றன. வடக்கன் மரபில் களரி என்பது நிலத்தைத் தோண்டி அமைத்த குழி. நாற்பத்திரண்டடி நீளம், இருபத்தோரடி அகலம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை. எண்ணெய் பூசி உடலை வளைத்துப் பழகும் மெய்த்தாரி முதலில், பிறகு கோல்தாரி, பிறகு வாளும் கேடயமுமான அங்கத்தாரி, வெறுங்கை கடைசியில். ஒருவரோடு ஒருவர் பொருதும் வீரனை உருவாக்கும் பள்ளி அது. எங்கள் வயற்காட்டுக் காவற்காரனையும் வடக்கன் பாட்டுகளின் அங்கச் சேவகனையும் ஒரே தராசில் நிறுத்து எவன் பெரியவன் என்று கேட்பது, அரிவாளும் கோடரியும் எது கூர்மை என்று கேட்பதைப் போன்றது.

வெறுங்கை கடைசியில் வருவதைக் கவனியுங்கள். சிலம்பத்திலும் கம்புதான் முதலில். பிலிப்பைன்ஸ் நாட்டின் எஸ்கிரிமாவிலும் பொதுவாகக் குச்சிதான் முதலில். ஆயுதத்தால் உயிர் போகும் காலத்துக் கலைகள் ஆயுதத்திலிருந்தே தொடங்கின. வெறுங்கையை முதலில் வைக்கும் கலைகளோ, நாம் ‘தொன்மை’ என்று நினைப்பவை, பெரும்பாலும் இன்றைய வடிவில் இளையவை. ஓகினாவாத் தீவின் கராத்தே முன்பு ‘சீனக்கை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்டது. அதே ஒலிப்புடைய ‘வெறுங்கை’ என்ற எழுத்துக்கு அது மாறியது 1930களில்தான். டேக்வாண்டோ என்ற பெயரே 1955இல் வந்தது. ஜூடோ 1882.

இந்த ஜூடோவைச் சொல்லாமல் ‘எது பலிக்கும்’ என்ற கேள்விக்கு விடை கூற இயலாது. கானோ ஜிகோரோ பழைய ஜுஜுட்ஸு முறைகளிலிருந்து ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் பயிற்சி ஆட்டத்திலிருந்து விலக்கினார். கொல்லும் வித்தைகளை நீக்கினால் கலை பலவீனமாகும் என்றுதானே தோன்றும்? நேர்மாறாக நடந்தது. எஞ்சிய பிடிகளை, எதிர்ப்புக் காட்டும் ஆளின்மேல், முழு வலுவோடு, நாள்தோறும் பழக முடிந்தது. ஜப்பானிய ஆசான்கள் வழியே பிரேசிலுக்குச் சென்ற அக்கலையின் கிளையைக் கொண்டுதான் ராய்ஸ் கிரேசி 1993இல் அமெரிக்காவில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் தம்மினும் கனத்தவர்களை மடக்கினார். மறுபுறம், 2017இல் சீனத்தில் சூ சியாவோதொங் என்ற கலப்புச்சண்டை வீரர் தாய்ச்சி ஆசான் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அந்நாட்டில் பெரும் கொந்தளிப்பு. தொட்டால் ஆள் சாய்வான் என்னும் வர்மப் பெருமைகளைக் கேட்கும்போது எமக்கு அந்த அரை நிமிடம் நினைவுக்கு வருகிறது. எதிர்த்து நிற்பவன்மேல் பழகிப் பார்க்காத அடி, அடியே அன்று.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் என்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எமக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் பெரும்பாலோர் கேட்பது தனிக்கம்பு வீச்சை. விசிறிபோல் சுழல்கிறது, கண் கூசுகிறது, பதக்கம் கிடைக்கிறது. எதிரில் எவரும் இல்லை. தொடுமுறைக்கு ஆள் குறைவு, ஏனெனில் விரலில் அடி விழும், பெற்றோர் முகம் சுளிப்பர். எங்களுக்குக் கற்பித்த வாத்தியாரிடம் சான்றிதழ் ஏதும் இல்லை. ஷாவோலினைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஆறு மாதம் காலடி மட்டுமே போடவைப்பார். ஏழாம் மாதம் இருவரை எதிரெதிரே நிறுத்திவிடுவார். கம்பு முனையில் துணியைச் சுற்றி, அடுப்புக்கரியைக் குழைத்துத் தோய்த்துக்கொடுப்பார். யார் சட்டையில் எத்தனை கரிப்பொட்டு என்று ஆட்டத்தின் முடிவில் எண்ணுவார். எண்ணிக்கையில் எவரும் அவரிடம் வாதாட முடியாது. வீட்டில் அச்சட்டையைத் துவைத்தவர்களும் மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை எண்ணிச் சொல்வார்கள், வேறு சில சொற்களோடு.