மிட்டாய்க்காரர் கட்டிய வீடு

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே கெர்பாவ் சாலை. அதில் வண்ணப் பெட்டி கவிழ்ந்ததுபோல் ஒரு வீடு நிற்கிறது. கதவுக்கு ஒரு நிறம், சன்னலுக்கு இன்னொரு நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே படம் எடுத்துக்கொள்ள வரிசையே நின்றது. நாங்களும் நின்றோம்.

"இது யார் வீடுப்பா?" என்றாள் மகள்.

"மிட்டாய் செஞ்ச ஒருத்தரோட வீடும்மா."

டான் டெங் நியா என்ற சீன வணிகரின் பெயரைச் சுமந்து நிற்கும் வீடு அது. 1900இல் கட்டப்பட்டது, எட்டு அறைகள். லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன வில்லா இதுதான். மனைவிக்காகக் கட்டினார் என்று சொல்வார்கள்.

'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை. அடுத்த தெருவின் பெயர் பஃபலோ ரோடு. ஒரே எருமைக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு! ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க மாட்டுக்கொட்டில்கள். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரிலும் இங்கே ஒரு சந்து உண்டு. மாடுகளோடு அன்னாசி ஆலை, பிரம்பு வேலை, எண்ணெய்ச் செக்கு என்று பல தொழில்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவில், சிராங்கூன் சாலையோரம், டான் தவுக்கேயின் மிட்டாய் ஆலைகள்.

கரும்பிலிருந்து மிட்டாய் செய்தார்கள். மிஞ்சிய சக்கையையும் வீணாக்கவில்லை. அதை எரித்து, புகைக்கூடத்தில் ரப்பரை உலர்த்தினார்கள். நம்மூர் வெல்ல ஆலைகளில் கொப்பரைக்குக் கீழே எரிவதும் அதே கரும்புச் சக்கைதான்.

அதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா நினைவு வந்தது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுபவர். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுவார். நுரை பொங்கி அடங்கும் நேரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். அதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். இழுபட்டால் மிட்டாய் பல்லில் ஒட்டும், தாண்டிவிட்டால் கசக்கும். பதம் வந்ததும் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, அரிசிமாவு தூவிய பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுமுன் வில்லை போட்டுவிடுவார்.

2020இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சிங்கப்பூரில் அலுவலகம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் அந்தப் பாகை நான் ஒருமுறைகூடக் காய்ச்சியதில்லை. அடுப்புச் சூடு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் எங்களைப் படிக்க வைத்தார்கள்.

"அந்தத் தாத்தா மிட்டாய் இப்ப எங்கப்பா கிடைக்கும்?"

"ஆலை இல்லம்மா. வீடு மட்டும்தான் இருக்கு."

1980களில் வணிகப் பயன்பாட்டுக்காகப் புதுப்பித்த வீடு அது. தெருவில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை.

திரும்பும் வழியில் சிராங்கூன் சாலை மளிகைக்கடை ஒன்றில் கடலைமிட்டாய் வாங்கினோம். மகள் ஒரு வில்லையை ஒடித்தாள். 'டக்' என்றது. பாகு பதம் சரி.

அன்று இரவே பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. "டிசம்பர் லீவுக்கு வர்றோம். ரெண்டு நாள் எனக்கும் அடுப்பு வேணும்" என்றேன்.

"சட்டையக் கழட்டிட்டுத்தான் உட்காரணும், தெரியும்ல?" என்று சிரித்தார்.