இன்னொரு வீட்டில் ஒரு பிரதி

வன்னியில் மீள்குடியேறிய வீடுகளுக்குக் களப்பணிக்காகப் போகும்போது, ஏறக்குறைய எல்லா வீட்டு அலுமாரியிலும் ஒரு பொலித்தீன் பையைக் காண்கிறேன். குடும்ப அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், இரண்டொரு போட்டோ. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோதும், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தபோதும் பெண்கள் இறுகப் பிடித்திருந்தது இந்தப் பையைத்தான். பையைத் தொலைத்தவர்கள் ஒரு அடையாள அட்டை எடுக்க எத்தனை கந்தோர்ப் படி ஏறி இறங்கினார்கள் என்பதை, இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்தப் பையின் பாதி கணனிக்குள் போய்விட்டது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு ஒன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது, கடன்பட்டாவது ஒரு லப்டொப் வாங்கிய தாய்மார் பலர். அந்த லப்டொப்பில்தான் இன்று கலியாணப் படம், சிறுதொழில் கணக்கு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. பையை நாம் கண்ணால் பார்த்துக் காத்தோம். கணனிக்குள் இருப்பதை எப்படிக் காப்பது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் கிளிநொச்சிப் பக்கத்தில் தையல் தொழில் செய்யும் ஒரு அக்கா. 2009இற்குப் பிறகு கணவரைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. கலியாண அல்பம் இடப்பெயர்வில் போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இருந்த ஒரேயொரு படத்தை ஸ்கான் செய்து அனுப்பினார்கள். அது மகளின் லப்டொப்பில் இருக்கிறது. “தம்பி கனடாவிலயிருந்து காசு அனுப்புறன் எண்டு சொல்லுறான், தங்கச்சி. நெட்வேர்க்கில வைக்கிற ஒரு பெட்டியாம். வீட்டில இருக்கிற எல்லாக் கொம்பியூட்டரும் அதுக்குள்ள சேமிக்குமாம். வாங்கட்டோ?” என்று கேட்டார். நான் படித்தது சமூகவியல். ஆனாலும் விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதை அவருக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி என்பது உள்ளே ஹாட் டிஸ்க் பொருத்திய ஒரு சின்னக் கணனி. இணையத்துக்காக வைத்திருக்கும் ரூட்டரோடு வயரால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள லப்டொப்களும் போன்களும் வைஃபை ஊடாக அதில் சேமிக்கலாம். பெரும்பாலும் பெட்டியை டிஸ்க் இல்லாமலே விற்பார்கள். டிஸ்க்கைத் தனியாக வாங்கவேண்டும். இரண்டு டிஸ்க் போட்டால், ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும்படி ஒழுங்குபடுத்தலாம். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு கணனிகளில் வேலை நடக்கும் இடத்துக்கு, உதாரணமாக ஒரு மாதர் சங்கத்தின் அலுவலகத்துக்கோ போட்டோ ஸ்டூடியோவுக்கோ, இது நல்ல வசதி.

ஆனால் “இரண்டு டிஸ்க் இருக்கிறதுதானே, இனிப் பயமில்லை” என்று நினைப்பது ஆபத்து. பிள்ளை தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். இடி விழுந்தாலும், வெள்ளம் வந்தாலும், கள்ளன் வந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். கணனிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நச்சு நிரல்களும் உண்டு. 2022இல் டெட்போல்ட் என்ற நிரல், வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்த இத்தகைய பெட்டிகளையே தேடிப் பூட்டியது. மின்சாரத்தையும் யோசிக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் கோப்புகள் பழுதாகலாம். ஆகவே பெட்டியோடு யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். செலவு கூடிக்கொண்டே போகும்.

பெட்டி எது என்பதைவிட, பிரதி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் பெறமுடிந்தது. பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகள் போனது போனதுதான். அண்மைய உதாரணமும் உண்டு. அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்களை வைத்திருந்த கணனிச் சேமிப்பு 2023 ஒகஸ்டில் தாக்கப்பட்டது. அந்த வருடம் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாமல் போயின. அந்தக் காலத்துக்கான பிரதி வேறெங்கும் இருக்கவில்லை.

கணனித் துறையில் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தியது: மூன்று, இரண்டு, ஒன்று. எதற்கும் மூன்று பிரதிகள். அவை இரண்டு வகையான சேமிப்பில். அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். இதற்கு அந்தப் பெட்டி கட்டாயமில்லை. லப்டொப்பில் இருப்பது முதலாவது. யூஎஸ்பி வயரில் குத்தும் வெளி ஹாட் டிஸ்க் இரண்டாவது. அதேபோல் இன்னொரு டிஸ்க் அல்லது இணையச் சேமிப்பு மூன்றாவது. ஒரு போட்டோ 4 மெகாபைட் என்று வைத்தால், 1 டெராபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் படங்கள் கொள்ளும். ஒரு குடும்பத்தின் ஆயுளுக்கே போதும். கூகிள் கணக்கில் 15 கிகாபைட் இலவசம். முக்கியமான பத்திரங்களுக்கு அது தாராளம். ஆனால் இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கைக் கூகிள் அழித்துவிடலாம். இடைக்கிடை திறந்து பாருங்கள்.

எதை முதலில் பிரதி எடுப்பது? பிறப்பு, விவாகப் பத்திரங்கள் தொலைந்தால் பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் தேடலாம். ஸ்கான் செய்த படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள பதிவு இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை இருந்தால் தேடுவது இலகு. போட்டோவுக்கோ பதிவாளர் எவரும் இல்லை. காணாமற்போன பிள்ளையின் படம், அவர் எழுதிய கடிதம், குரல் பதிவு இவற்றை எந்தக் கந்தோரிலும் திரும்ப எடுக்கமுடியாது. ஆகவே அவைதான் முதலில்.

அடுத்தது, யாருடைய கையில் கொடுப்பது. அந்த அக்கா இரண்டு டிஸ்க் வாங்குவது என்று முடிவெடுத்தபோது, ஒன்றைத் தான் வைத்திருப்பதாகக் கணவரின் தமையன் சொன்னார். அக்கா மரியாதையாக மறுத்துவிட்டார். “அவர் நல்ல மனுசன்தான். ஆனா அவரிட்டக் குடுத்தா ஒவ்வொரு முறையும் நான் கேட்டுத்தானே எடுக்கவேணும். கோட்டுக் கேசுக் கடிதமும் அதுக்குள்ள கிடக்கு” என்றார். வவுனியாவில் இருக்கும் தன் தமக்கையிடமே கொடுத்தார். குடும்பத்தில் பத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அதிகாரமும் இருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் படித்தேன். அதை அந்த அக்கா ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். அந்தச் சொல்லை நீங்களும், நீங்கள் நம்பும் இன்னொரு பெண்ணும் அறிந்திருந்தால் போதும். மகனுக்கோ கடைக்காரத் தம்பிக்கோ மட்டும் தெரிந்த கடவுச்சொல் உங்களுக்கு உதவாது.

பிரதி எடுத்ததோடு வேலை முடியாது. மாதம் ஒருமுறை, பூரணை விடுமுறை நாள் என்று வைத்துக்கொள்ளலாம், வீட்டிலுள்ள டிஸ்க்கைக் குத்திப் புதியவற்றைச் சேருங்கள். முடிந்ததும் கழற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எப்போதும் குத்தியே இருந்தால் நச்சு நிரல் அதையும் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியே அல்ல. உறவினர் வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள டிஸ்க்கோடு மாற்றிக்கொள்ளுங்கள். நாலைந்து வருடமானால் புதியது வாங்குவது நல்லது. பென் ட்ரைவை மட்டும் நம்பவேண்டாம். அது ஒரு நாளைக்குக் கையில் கொண்டுபோகத்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் பல வீடுகளில் பத்திரங்கள் மறுபடியும் நனைந்தன. யுத்தம் முடிந்தாலும் தண்ணீரும் நெருப்பும் முடிவதில்லை. தனியே டிஸ்க் வாங்க வசதியில்லாத சகோதரிகள், சங்கத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, ஆளுக்கொரு கடவுச்சொல்லோடு தனித்தனிப் பகுதி பிரித்து வைக்கலாம். கணனியே இல்லாதவர்கள், பையிலுள்ள பத்திரங்களைப் போனில் படமெடுத்து, தூரத்திலுள்ள நம்பிக்கையான ஒரு சகோதரிக்கு அனுப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் பையைக் கொண்டுவாருங்கள். எல்லோருமாக இருந்து தொடங்குவோம்.