கொளத்தூரின் மாடித் தொட்டிகள்

சென்னை மாநகரின் வடமேற்கே, வில்லிவாக்கத்திற்கும் மாதவரத்திற்கும் இடையே அமைந்துள்ளது கொளத்தூர். மின்சார ரயிலில் வருவோர் பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லலாம். வெளியூரிலிருந்து இவ்வூரைத் தேடி வருவோரில் பலர் வெறுங்கையுடன் வந்து, நீரும் காற்றும் அடைத்த பாலித்தீன் பைகளுடன் திரும்புகின்றனர். பைக்குள்ளே மீன், உண்பதற்கன்று, கண்டு மகிழ்வதற்கு.

முன்னாளில் சென்னையில் வண்ண மீன் வேண்டுவோர் சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போவது வழக்கம். பழைய புத்தகங்களும் கூண்டுக் கிளிகளும் கண்ணாடி ஜாடி மீன்களும் அருகருகே விற்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடம் 1985-ஆம் ஆண்டு தீக்கிரையானதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். இன்று வண்ண மீன் என்றவுடன் நாவில் வரும் பெயர் கொளத்தூர். இங்கே மீன் விற்கும் கடைகள் மட்டுமல்ல, மீன் வளர்க்கும் வீடுகளும் உண்டு. மாடியில் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி. மாடிப்படி வளைவில் கண்ணாடித் தொட்டி. திண்ணையில் ஆக்சிஜன் உருளை. தெருவில் நடந்து செல்கையில் ஏர் மோட்டார்களின் ரீங்காரம் வீட்டுக்கு வீடு நம்மைத் தொடர்ந்து வருகிறது.

ஒரு சனிக்கிழமை மாலை நாம் சென்றது அத்தகைய வீடுகளுள் ஒன்றிற்கு. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி கப்பி மீன் வளர்க்கிறார். "மேலே வாங்க, படி கொஞ்சம் வழுக்கும்" என்று அழைத்துச் சென்றார் அந்த அம்மாள். மாடியின் ஒருபுறம் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். அவற்றில் மண்ணுமில்லை, செடியுமில்லை. நீரும் மீனும் காற்றுக் குழாயும் மட்டுமே. ஒவ்வொன்றின் முகப்பிலும் சாக்பீஸால் எழுதிய பெயர்: ஃபுல் ரெட், மாஸ்கோ புளூ, கிங் கோப்ரா, டம்போ. மறுபுறம், பச்சை நிழல்வலையின் கீழே, அகன்ற கருநிற டப்புகள் நான்கு. அவற்றில் மோட்டார் இல்லை, ஃபில்டர் இல்லை, விளக்கும் இல்லை. நீரின்மேல் ஆகாயத்தாமரை, உள்ளே வேலம்பாசிக் காடு. உற்று நோக்கினாலன்றி மீன் இருப்பதே தெரியாது. இக்கட்டுரை பெரிதும் அந்த நான்கு டப்புகளைப் பற்றியது.

கப்பி நம் நாட்டு மீன் அன்று. வெனிசுவேலாவும் டிரினிடாட் தீவும் அதன் தாயகத்துள் அடங்கும். டிரினிடாடில் பள்ளிக்கூட ஆய்வாளராகப் பணியாற்றியவரும், நிலவியலில் பெரும் ஈடுபாடு கொண்டவருமான இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்னும் ஆங்கிலேயர், 1866-ஆம் ஆண்டில் இம்மீன்களை இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். அங்கிருந்த குந்தர் என்னும் அறிஞர் அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். ஆனால் 1859-இலேயே ஜெர்மானிய அறிஞர் பீட்டர்ஸ் வெனிசுவேலாவிலிருந்து வந்த அதே மீனுக்கு வேறு பெயர் இட்டிருந்தமையால், ஏடுகளில் அவருடைய பெயரே நின்றது. மக்கள் வாயிலோ கப்பிதான் நிலைத்தது. ஏடு ஒருபுறம் போக, நா மறுபுறம் போவது புதிதன்று.

அத்தீவின் மலையோடைகளில் ஒரு விந்தை உண்டு. அருவிக்குக் கீழே, பெரிய மீன்கள் வேட்டையாடும் மடுக்களில், ஆண் கப்பிகள் மங்கிய நிறத்துடன் அடக்கமாக இருக்கின்றன. வேட்டை மீன்கள் ஏற இயலாத மேல் மடுக்களிலோ பளபளப்பும் புள்ளியுமாக மிளிர்கின்றன. ஜான் எண்ட்லர் என்னும் ஆய்வாளர் 1970-களில் கீழ் மடுவின் மீன்களை, பெரிய வேட்டை மீன்கள் இல்லாத மேலோடை ஒன்றில் விட்டுப் பார்த்தார். இரண்டே ஆண்டுகளில் அவற்றின் வழித்தோன்றல்களில் நிறம் கூடிவிட்டதைக் கண்டார். பெண் மீன் பளபளப்பை விரும்புகிறது. பகை மீன் பளபளப்பைத் தின்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவேதான் கப்பியின் வண்ணம் நிற்கிறது.

கொளத்தூர் மாடியில் பகை மீன் இல்லை. அதற்குப் பதிலாக அந்த அம்மாளின் கண் இருக்கிறது. பிறந்து மூன்று நான்கு வாரங்களிலேயே ஆண் குஞ்சையும் பெண் குஞ்சையும் பிரித்துவிட வேண்டும் என்கிறார் அவர். ஆண் குஞ்சின் அடித்துடுப்பு கூராகத் திரண்டு நீளும். பெண்ணின் வயிற்றருகே கரும்புள்ளி தோன்றும். இவற்றைத் தேநீர் வடிகட்டி போன்ற சிறு வலையில் அள்ளி, கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துப் பிரிக்கிறார். ஒரு வாரம் தாமதித்தாலும் ஒரு தலைமுறையின் தெரிவு கெட்டது. ஏனெனில் பெண் கப்பி ஒருமுறை கூடினாலே போதும். அவ்வித்தை உடலில் சேமித்து வைத்து, ஆண் துணையின்றியே அடுத்தடுத்துப் பல மாதங்கள் ஈனும். குஞ்சு பெருகுமே என்றஞ்சிப் பெண் மீன்களை மட்டும் வாங்கிச் செல்லும் குடும்பத்தார், மறுமாதம் தொட்டி நிறையக் குஞ்சுகளைக் கண்டு திகைப்பது இதனாலேயே. முட்டையிடுவதில்லை, குட்டியாகவே ஈனும். ஏறக்குறைய நான்கு வாரத்திற்கு ஒருமுறை இருபது, முப்பது, சில வேளை அதற்கும் மேல். ஈன்ற தாயே குட்டியைத் தின்னவும் செய்யும்.

"நல்லது நாலுதான் தேறும், மத்ததெல்லாம் கழிவு" என்றார். வால் குறுகியவை, நிறம் கலங்கியவை, முதுகு வளைந்தவை யாவும் கழிவு. முதுகு வளைந்தவற்றை அவர் மேலும் பெருக விடுவதில்லை. ஏனைய கழிவுகளைத் தூக்கியெறிய மனமில்லாமல், வகைக்கொரு டப்பாகப் பிரித்து, அந்தச் செடி டப்புகளில் விட்டு வந்திருக்கிறார். அங்கே அவற்றுக்குத் தனிக் கவனிப்பு ஏதுமில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. அவ்வீட்டின் கீழ்த்தளத் தொட்டிகளை முதல் நாளே வெள்ளம் கொண்டுபோயிற்று. மாடித் தொட்டிகளுக்கு வெள்ளம் எட்டவில்லை. ஆனால் மின்சாரம் நின்றது. ஒரு தொட்டியில் நூற்றுக்கணக்கான மீன்கள். காற்றுக் குழாய் ஓய்ந்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இரவெல்லாம் முறைவைத்து, மக்கில் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தனராம். நீர் விழும் வேகத்தில் சிறிது காற்று கலக்குமல்லவா! கை ஓய்ந்த தொட்டிகளில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. நான்காம் நாள் மின்சாரம் வந்தபோது, எட்டு ஆண்டுகள் தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய செந்நிற வகையில் ஒன்றுகூட எஞ்சவில்லை. சுய உதவிக் குழுவில் பெற்ற கடன் மட்டும் எஞ்சியிருந்தது.

"அஞ்சாம் நாள்தான் இந்த டப் பக்கம் வந்தேன். அதுங்க பாட்டுக்குச் சுத்திட்டு இருந்தது" என்று கூறி, அவர் ஒரு டப்பின் ஆகாயத்தாமரையை விலக்கிக் காட்டினார்.

இதில் மாயம் ஏதுமில்லை, காரணங்கள் எளியவை. அகன்ற டப்பு என்பதால் நீர்ப்பரப்பு அதிகம். காற்று தானே கரைகிறது. பகலில் செடிகள் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் செடிகளும் அதை உட்கொள்ளும் என்பது உண்மையே; ஆகையால்தான் மீன்கள் குறைவாக இருக்கவேண்டும். டப்பு ஒன்றில் ஏறக்குறைய நூறு லிட்டர் நீருக்கு முப்பது மீன் அளவே இருந்தன. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. செடிக்கோ அது உரம். கண்ணாடித் தொட்டியில் ஃபில்டரும் நீர் மாற்றமும் செய்யும் வேலையை இங்கே வேர்களும் இலைகளும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் செய்துவிடுகின்றன. மின்சாரம் நின்றது அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் இத்தகைய தொட்டி அமைக்க விரும்பும் வாசகர்களுக்காக முறையைக் கேட்டறிந்தோம். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டட் என்னும் அம்மையார் 1999-இல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவிய முறைக்கு இது மிக நெருங்கியது. இந்த அம்மாள் அந்நூலைக் கண்டதில்லை. அடியில் இரண்டு விரற்கடை உயரம் சாதாரணத் தோட்டத்து மண். எருவோ உரமோ கலந்ததாயின் நீர் நாறி, மீன் மாளும். அதன்மேல் அதே உயரத்திற்குக் கழுவிய மணல். மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, அத்தட்டின்மீது நீரை மெல்ல ஊற்றினால் மண் கலங்காது. மாநகராட்சிக் குழாய் நீராயின் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பின்பே பயன்படுத்த வேண்டும். கொளத்தூரில் ஆழ்குழாய் நீரின் உப்பையும் பாத்திரத்தில் படியும் வெண்படிவத்தையும் நொந்துகொள்ளாத இல்லத்தரசி இல்லை. ஆனால் கப்பிக்குக் கடின நீரே உகந்தது! சமையலறையில் வைத ஒன்றை மாடியில் வாழ்த்த வேண்டியதாயிற்று.

செடியை முதல் நாளே நெருக்கமாக நடவேண்டும். நான்கு தண்டை நட்டுவிட்டு அவை பெருகும்வரை காத்திருந்தால், அதற்குள் பச்சைப் பாசி நீரைப் பிடித்துக்கொள்ளும். வேலம்பாசி, வாலிஸ்னேரியா ஆகியவை விரைவில் வளர்வன. ஓரிரு நத்தைகள் வந்து சேர்ந்தால் விரட்ட வேண்டா. அழுகிய இலைகளை அவை தின்னும். மூன்று வாரம் மீனின்றியே விட்டுவைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவே மிகக் கடினமான பகுதி என்று நாம் கருதுகிறோம். பிறகு ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடலாம். ஆண் மீன் ஓயாது துரத்தும் இயல்பினது, ஒரே பெண்ணாயின் அது களைத்துவிடும். காலை வெயில் ஓரிரு மணி நேரம் போதும். உணவு நாளொன்றுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. இட்ட உணவு அடியில் தங்கினால், மறுநாள் உண்ணா நோன்பு மீனுக்கு!

இவ்வாறு அமைந்த தொட்டியில் குஞ்சுகளைக் காக்க வலைப்பெட்டி தேவையில்லை. பாசியின் அடர்த்திக்குள் புகுந்து, இலைகளில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களை மேய்ந்து, ஈன்றவற்றுள் ஒரு பகுதி தானே வளர்ந்துவிடும். அவ்வாறு வளர்ந்தவையே அக்குடும்பத்தின் தொழிலை மீட்டன. செந்நிறக் கழிவுகள் மங்கலாகத் தோன்றினாலும், விற்பனைக்குச் சென்ற செந்நிற மீன்களின் உடன்பிறப்புகளே அவை. நிறத்தின் விதை அவற்றின் உடலிலும் உறங்கியது. தலைமுறைக்கு மூன்று நான்கு மாதம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிவப்பு மிகுந்ததைப் பொறுக்கி, வேறொரு வீட்டாரிடம் இரண்டு ஆண்களை மாற்றாகப் பெற்று இனக்கலப்பும் செய்து, ஒன்றரை ஆண்டில் மீண்டும் 'ஃபுல் ரெட்' என்று சாக்பீஸால் எழுதும் நிலைக்கு வந்தார். பழைய சிவப்பு இன்னும் வரவில்லை என்பது அவர் கருத்து. நம் கண்ணுக்கு அது குங்குமமாகவே தெரிந்தது.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு தந்தையும் சிறுவனும் மாடிக்கு வந்தனர். "அக்கா, வீட்ல நூறுக்கு மேல ஆயிடுச்சு. ரெட்டேரியில விட்டுடலாமா? கொசுவையாவது தின்னும்" என்றார் தந்தை. அதுவரை நகைத்துப் பேசிய அம்மாளின் முகம் மாறியது. "ஏரியில விடாதீங்க. என்கிட்டயே கொண்டுவாங்க, சும்மாவே எடுத்துக்கறேன்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொசுப்புழுவை ஒழிக்கவே கப்பி இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. உள்ளாட்சி மன்றங்கள் கிணறுகளில் விட்டும் வந்துள்ளன. மூடிய கிணற்றில் இருப்பது வேறு, திறந்த ஏரியில் பரவுவது வேறு. சாக்கடையிலும் பிழைக்கும் இம்மீன், நம் நாட்டுச் சிறுமீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று அவற்றின் இடத்தைக் கைப்பற்ற வல்லது. தலைமேல் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் ஒரு சிறுமீனை நம் குளங்களில் பலரும் கண்டிருப்பர். கொசுப்புழுவைத் தின்னும் பணியை அது கப்பி வருவதற்கு முன்பிருந்தே செய்து வருகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யுமென்று வாங்கப்பட்டு, வளர்ந்ததும் ஏரியில் வீசப்பட்ட தென்னமெரிக்கச் சக்கர் மீன், இன்று தமிழகத்து ஏரிகளில் பெருகி வலைகளைக் கிழிப்பதை மீனவர்களிடம் கேட்டால் தெரியும்.

தந்தை தலையசைத்தார். சிறுவனுக்கு ஒரு மாஸ்கோ புளூ ஆண்மீனும் இரண்டு பெண்மீன்களும் கிடைத்தன.

மாலை மங்கியதும் கீழே பைகட்டும் வேலை தொடங்கிற்று. வெளியூர் செல்லும் மீன்களுக்கு முந்திய நாளே உணவு நிறுத்தப்பட்டிருந்தது. இல்லையேல் பையின் நீர் வழியிலேயே கெடும். பையில் ஒரு பங்கு நீர், இரு பங்கு ஆக்சிஜன். ரப்பர் வளையத்தால் இறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினார்கள். அன்றைய பெட்டி இரயிலில் ஹவுராவுக்குச் செல்கிறதாம். படியிறங்கிக்கொண்டிருந்த சிறுவனை அம்மாள் மேலிருந்து கூவி அழைத்தார்: "தம்பி, வீட்டுக்குப் போனதும் உடனே கொட்டிடாதே. பையை அப்படியே அரைமணி நேரம் தொட்டியில மிதக்க விடு. சூடு சமமானப்புறம் திற!"