செஞ்சியாற்றின் வழியே சில விடுப்பு நாட்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பங்குகளில், குடும்பத் தலைவர் கடல் கடந்து பாடுபடும் இல்லங்கள் பல உள. அவர்களுள் ஒரு பகுதியினர் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி விடுப்பில் ஊர் திரும்புகின்றனர். நமக்குக் கத்திரி வெயில் மே மாதத்தோடு கழிந்துவிடுகிறது. அவர்கள் உழைக்கும் வளைகுடா நாடுகளிலோ செப்டம்பர் வரை கோடைதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணிக்கும் 3 மணிக்கும் இடையே திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கலாகாது என்று அரசே தடை விதித்திருக்கிறது என்றால், அந்த வெயிலின் கொடுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அத்தகைய வெயிலிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வருபவரிடம், பெட்டியைப் பிரித்து முடிக்குமுன்னரே, "இம்முறை எங்கே அழைத்துப் போகப் போகிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

உதகை, கொடைக்கானல் என்று விடையும் உடனே வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் வாடகைக் கார் அமர்த்தி மலைவாசத்தலத்துக்குச் செல்லாவிட்டால் உறவினர் முன் குறைவு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சற்றுக் கணக்குப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து உதகை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போகவர இரண்டு நாள் வண்டியிலேயே கழியும். 2024 மே மாதம் முதல் இவ்விரு மலைகளுக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெறவேண்டும் என்ற முறையும் வந்திருக்கிறது. ஆகஸ்டில் அங்கே பருவமழை வேறு. சன்னல் வழியே மழையைப் பார்த்திருப்பதற்கு விடுதி வாடகை கொடுப்பானேன்?

பிள்ளைகளுக்கும் அப்போது நீண்ட விடுமுறை இல்லை. ஜூன் மாதத்தில் திறந்த பள்ளி, காலாண்டுத் தேர்வை நோக்கி விரைந்துகொண்டிருக்கும். எஞ்சுபவை சனி ஞாயிறும், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர நாளும் ஒருங்கே வரும் 15-ஆம் தேதியும், இடையே வரும் சில பண்டிகை நாட்களுமே.

விசாவுக்கும் முகவருக்கும் வட்டிக்கு வாங்கிய தொகை இன்னும் அடையாத வீடுகளும் உண்டு. மனைவியின் வளையல் அடகுக் கடையில் இருக்க, மூன்று நாள் உல்லாசத்துக்காக இன்னொரு கடன் வாங்குவதை என்னால் ஒப்ப இயலவில்லை. அதற்காக எங்கும் போகாமல் இருங்கள் என்பதும் என் கருத்தன்று. இரண்டாண்டு பிரிந்திருந்த தந்தையைக் கண்டதும் சிறு குழந்தை தாயின் சேலைக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. கைப்பேசித் திரையில் நாள்தோறும் பார்த்த முகந்தான். எனினும் தூக்கிச் சுமக்கும் தோளை அது அறியாது. அந்தக் கூச்சம் நீங்க வேண்டுமாயின் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து நடக்க ஒரு வழி வேண்டும். காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பத்தக்க இடங்கள் அதற்குப் போதும்.

அத்தகைய இடங்களை ஓர் ஆறே நமக்குத் தொடுத்துத் தந்திருக்கிறது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிப் புதுவைக்குத் தெற்கே கடலில் கலக்கும் இதனைச் செஞ்சியாறு, வராக நதி, சங்கராபரணி என்று பலவாறு அழைக்கின்றனர். மழை பெய்தால் நீர், இல்லையேல் மணல். அதைப் பார்க்கவென்றே போகவேண்டாம்; அதன் கரையை ஒட்டிய ஊர்களுக்குப் போகலாம்.

முதலாவது செஞ்சி. திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து 40-க்குள். இரு நகரங்களிலிருந்தும் பேருந்துகள் உள்ளன. விழுப்புரத்திலிருந்து செல்வோர் நேரமிருந்தால் வழியில் மண்டகப்பட்டில் இறங்கலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இக்கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் கல்லில் பொறித்து வைத்திருக்கும் குடைவரை அங்கே இருக்கிறது.

செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளைச் சேர்த்து வளைத்த கோட்டை. 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் இராஜாராம் இதனுள் தங்கியிருக்க, 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வெளியே முற்றுகையிட்டுக் கிடந்தது. பின்னர் 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். நம் வாசகர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1597-இல் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில் இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெண்டா இங்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்டவற்றுள் இதுவே பெரிய நகரம் என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டின் எந்நகரும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதிச் சென்றார். அந்த நகரத்தின் வீதிகள் இன்று வயலும் முட்புதருமாகிவிட்டன. 2025 ஜூலை மாதம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே.

இராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் உண்டு, நிழல் குறைவு. பாலைவன வெயிலில் நின்றவரைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாறைமேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆகவே முதற் பேருந்தைப் பிடித்துக் கோட்டை திறந்தவுடன் ஏறத் தொடங்க வேண்டும். குடிநீர் மிகுதியாக வேண்டும். குரங்குகள் இருப்பதால் தின்பண்டப் பையைக் குழந்தை கையில் கொடுக்கலாகாது. உச்சிக்குச் சற்று முன்னே ஆழமான பாறைப் பிளவு ஒன்றைப் பாலத்தின் மேல் கடக்கவேண்டும். அங்கே பிள்ளைகள் தாமாகவே தந்தையின் கையைப் பற்றிக்கொள்வார்கள். ஏற இயலாத பெரியோர் கீழே கல்யாண மகாலிலும் களஞ்சியங்களிலும் குளக்கரையிலும் இருந்துகொள்ளலாம்.

ஏறும்போது சொல்வதற்குத் தேசிங்குராஜன் கதை இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மடிந்த இளைஞன் அவன். அவனுடைய முகமதிய நண்பன் திருமணப் பந்தலை விட்டு எழுந்து வந்து அவனோடு உயிர்விட்டான் என்று நாட்டார் பாடுவர். பாட்டிமார் அறிந்த கதைதான். இம்முறை தந்தையின் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சிக்கனம் என்றால் உடனே புளியோதரை கட்டுவது நம் வழக்கம். அதற்கு அந்த அம்மாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழவேண்டும். இரண்டாண்டு தனியே வீட்டையும் வயதான மாமனார் மாமியாரையும் காத்தவருக்கு அன்றாவது அடுப்பிலிருந்து விடுதலை வேண்டாமா? செஞ்சிக் கடைத்தெருவில் சாப்பிட்டால் ஆகும் செலவு, கார் வாடகையில் சிறு பகுதிகூட ஆகாது.

ஆற்றோடு கீழே வந்தால் காமராசர் ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட வீடூர் அணை. அருகில் உறவினர் இருந்தால் மாலையில் சென்று வரலாம். அதற்கென்று தனியே ஒரு நாள் வேண்டியதில்லை.

திருவக்கரை அப்படியன்று. மயிலம் வழியாகச் செல்லும் இவ்வூரின் அருகே, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலில் புதைந்து, மரத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகக் கல்லின் சத்து பிடித்துக்கொண்டது. மரத்தின் வரிகள் அப்படியே தெரிகின்றன, தட்டினாலோ கல். பாதுகாக்கப்பட்ட இடமாதலால் ஒரு துண்டும் எடுத்து வரலாகாது என்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

அப்பால் வில்லியனூர். விழுப்புரத்தார்க்கு இது மிக எளிது. 1879-இல் திறக்கப்பட்ட புதுவை இரயில் பாதையில் பயணிகள் இரயிலேறி வில்லியனூர் நிலையத்தில் இறங்கலாம். மிகக் குறைந்த செலவில் குழந்தைகள் மகிழும் பயணம் இதுவே. லூர்து நகரில் அன்னை 1858-இல் காட்சி தந்தாள். அடுத்த இருபதாண்டுக்குள், 1877-இல், பிரான்சிலிருந்து வந்த அவள் திருவுருவம் இங்கே நிறுவப்பட்டது. திருத்தலக் குளக்கரையில் காலைப் பொழுதில் அமைதி இருக்கும். வெளிநாட்டில் வெள்ளிக்கிழமையன்று எப்போதாவது திருப்பலி காண வாய்த்தவருக்கு, குடும்பத்தோடு ஞாயிறு பூசை காண்பது எத்தகையது என்பதை அவரவரே அறிவர். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். அங்கே செல்ல நேர்ந்துகொண்டவர்கள் கொடியேற்றத்துக்கு முன்னரே போய் வந்தால் நெரிசலும் அறை வாடகையும் வருத்தா.

வில்லியனூரிலிருந்து புதுவைக் கடற்கரை அண்மையில்தான். அங்கே காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மலை ஏறிய பிள்ளைகளிடம் அவற்றைக் காட்டி எங்கிருந்து வந்தவை என்று கேளுங்கள்.

திண்டிவனத்தார் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களையும் ஒரு மாலையில் பார்த்து வரலாம். அதை அடுத்த கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆகஸ்டில் அங்கே போய் ஏமாறவேண்டாம். வலசைப் பறவைகள் மழைக்காலத்தில் வரத் தொடங்கி மார்ச் வரை தங்கும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விடுப்புக் கிடைப்பவர்கள் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளட்டும்.